பேயின் பெயர் கோமதி

மேக்கப்மேன் கார்த்திக்-தா என் முகத்தில் கரி பூசிக்கொண்டிருந்தார். தேங்காயெண்ணெயில் குழைத்த விளக்குக் கரி. நெற்றியில் ஆரம்பித்து, கன்னம், மூக்கு, காது மடலின் பின்பக்கம் வரை பூசிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். பாதி வேலையைக் கடவுளே முடித்து அனுப்பிவிட்டார் என்று வங்காளத்தில் சொன்னார். நல்ல மனிதர், எல்லோருக்கும் அண்ணன், அதுதான் அந்தத் 'தா'. கேலியாகச் சொல்லவில்லை, வேலை குறைந்த சந்தோஷத்தில் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

கல்கத்தா டாலிகஞ்சில் ஒரு சினிமா ஸ்டுடியோவின் பின்பக்க அறை அது. கண்ணாடியைச் சுற்றி பல்புகள் இருந்தன, பாதி எரியவில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். தலைமுடியை அவிழ்த்து முன்னால் தொங்கவிட்டு, அதிலும் கொஞ்சம் சாம்பல் தூவினார்கள். இனி எதுவும் குடிக்கக் கூடாது, உதட்டுப் பூச்சு கலைந்துவிடும் என்று உத்தரவு. அப்போது காலை எட்டு மணி.

போன வாரம் இந்தப் பத்தியில், நான் டைப்பிஸ்டாக இருந்த துறைமுக ஆபீஸின் டைப்ரைட்டர்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், "உங்கள் வாழ்க்கையில் சுவாரசியமாக ஒன்றுமே நடக்கவில்லையா அம்மா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நடந்தது ஐயா. நான் பேயாக இருந்தேன்.

செத்தால் நிறம் மாறுமா?

கல்கத்தா ஆபீஸ்களில் வருஷத்துக்கு ஒருமுறை ஊழியர்கள் நாடகம் போடுவார்கள். அங்கே அது ஒரு பண்டிகை மாதிரி. எனக்கு வங்காளம் நன்றாகப் புரியும், ஆனால் வாயைத் திறந்தால் அம்பாசமுத்திரம் வந்து நிற்கும். அதனால் எங்கள் ஆபீஸ் நாடகத்தில் எனக்கு ஊமை வேலைக்காரி வேஷம். அதைப் பார்க்க வந்தவர்தான் சினிமா டைரக்டர் நிருபேன்-தா. எங்கள் ஹெட்கிளார்க்கின் மைத்துனர். உயரமும் நிறமும் கண்ணும் சரியாக இருப்பதாகச் சொன்னார். எதற்குச் சரி என்று சொல்லவில்லை.

கதை இதுதான். ஒரு ஜமீன்தார், தன் வீட்டு வேலைக்காரியைக் கொன்று குளத்தில் போட்டுவிடுகிறார். அவள் பேயாகத் திரும்பி வந்து மாடிப்படியில் இறங்குகிறாள். சாதாரணக் கதைதான். ஆனால் படப்பிடிப்புக்குப் போன பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. உயிரோடு இருக்கும் வேலைக்காரியாக நடித்தது வேறு ஒரு பெண். எலுமிச்சம்பழ நிறம். செத்த பிறகு அவளே நானாகிவிடுகிறாள்.

செத்தால் நிறம் மாறுமா என்று நிருபேன்-தாவிடம் கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. உயிரோடு இருப்பவளைப் பார்த்தால் ஜனங்களுக்குப் பாவமாக இருக்க வேண்டும், செத்தவளைப் பார்த்தால் பயமாக இருக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். சிவப்பாக இருந்தால் பாவம், கறுப்பாக இருந்தால் பயம். அவ்வளவு சுலபம்.

அந்தக் காலத்துப் பேய்ப் படங்களை இப்போது உட்கார்ந்து பார்த்தால் எல்லாவற்றிலும் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. கதாநாயகி பயப்படுவாள், மயங்கி விழுவாள், காப்பாற்றப்படுவாள். குண்டான வேலைக்காரன் பல்லைத் தந்தியடித்துச் சிரிக்க வைப்பான். மலைவாசிகள் வந்தால் நெருப்பைச் சுற்றி ஆடி யாரையாவது பலி கொடுக்கப் போவார்கள். மீதமிருக்கும் கறுப்புப் பெண்ணுக்குப் பேய் வேஷம்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் படங்களில் என் நிறத்துப் பெண்ணைப் பார்த்து ஜமீன்தார் நடுங்கியது பேய்க் காட்சியில் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் அவள் காப்பித் தட்டோடு வந்துவிட்டுப் போவாள்.

பேய்களிலும் சாதி

வங்காளத்துப் பேய்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் பேய் என்றால் பேய்தான், அதிகம் போனால் முனி என்போம். இங்கே பெரிய குடும்பமே இருக்கிறது. மீனுக்கு அலையும் பேய் ஒன்று. சங்கு வளை போட்ட சுமங்கலிப் பேய் ஒன்று. முஸ்லிம் பேய்க்குத் தனிப் பெயர். பூணூல் போட்ட பிராமணப் பேய் வில்வ மரத்தில் குடியிருக்கும், யாரையும் அனாவசியமாகத் தொந்தரவு செய்யாது, மரியாதையாகக் கேட்டால் ஏழைகளுக்கு உதவிகூடச் செய்யும். புளிய மரத்தையோ குளக்கரையையோ பிடித்துக்கொண்டு மூக்கால் பேசிக் கழுத்தை நெரிப்பதெல்லாம் எங்களைப் போன்றவர்களின் வேலை. செத்தும் சாதி விடவில்லை என்று நான் சொன்னபோது எங்கள் ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வாயில் வந்தது

மாடிப்படிக் காட்சியை எடுக்க மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது. எட்டு மணியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. என் எதிரிலேயே எல்லோரும் மீன் குழம்பு சாப்பிட்டுக் கை கழுவினார்கள். எனக்குக் காப்பி இல்லாவிட்டால் பதினோரு மணிக்கே தலைவலி வந்துவிடும். அந்தத் தலைவலியோடு படியின் மேலே நின்றேன்.

அங்கே என்ன பேச வேண்டும் என்று கேட்டேன். வசனம் கிடையாது, வாயில் வருவதைச் சொல், அர்த்தம் மட்டும் இருக்கக் கூடாது என்றார் நிருபேன்-தா. மிருகம் மாதிரி, காற்று மாதிரி ஏதாவது சத்தம் போடச் சொன்னார். காலையிலிருந்து அங்கே ஒருவர்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "பேயைக் கூப்பிடு", "பேய் சாப்பிட்டதா", "பேயை ஓரமாக நிற்கச் சொல்லு", இப்படித்தான்.

நான் படியில் இறங்கினேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஏல, காலையிலேருந்து நிக்கேன். ஒரு வாய் காப்பி குடுத்தியால? நான் கறுப்புன்னா பேயா? உன் வீட்டுச் சோத்துப் பானையும் கறுப்புதான. அதுலதான பொங்கித் திங்க? என்னக் கொன்னு கொளத்துல போட்டியே, என் பேரு என்னன்னு ஒரு வார்த்த கேட்டியால? என் பேரு கோமதி. அம்பாசமுத்திரம். சொல்லுல என் பேர."

ஜமீன்தாராக நடித்தவர் பெரிய நாடக நடிகர். அவர் நிஜமாகவே இரண்டு படி பின்னால் போனார். நிருபேன்-தா கட் சொல்ல மறந்து நின்றார். பிறகு ஓடி வந்து, அது என்ன என்று கேட்டார்.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். காப்பி கேட்டுத் திட்டினேன் என்று எப்படிச் சொல்வது? மந்திரம் என்றேன். காமரூபத்து மந்திரமா என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

காமரூபம் என்றால் அசாம். வங்காளிகளுக்கு மந்திரம், மாயம், ஆளை ஆடாக்குவது எல்லாம் அங்கேதான் நடக்கும். ஆனால் வடக்கே போய்க் கேளுங்கள், அவர்களுக்கு மாயமந்திரத்தின் தலைநகரமே வங்காளம். நம் தமிழ்ப் படங்களில் பேய் ஓட்ட வருகிறவர் கட்டாயம் மலையாள மாந்திரீகராக இருப்பார், மூக்கால் பேசுவார். எல்லோருக்கும் பக்கத்து ஊர்தான் பயம். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை, காப்பி மட்டும்தான் தோன்றியது.

அம்மா வைத்த நிபந்தனை

என்னைப் படத்தில் நடிக்க விட அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். பெயர் போடக் கூடாது.

"நாளைக்குத் திருநவேலிலேருந்து பொண்ணு பாக்க வாரவன், பேயப் பாக்கத்தான் வந்தேன்னு சொல்லிட்டுப் போயிருவான்" என்றாள்.

நானும் சரி என்றேன். அதனால் படத்தின் பெயர்ப் பட்டியலில் ஜமீன்தார் இருக்கிறார், எலுமிச்சம்பழம் இருக்கிறாள், குதிரைவண்டிக்காரர்கூட இருக்கிறார். பேய் இல்லை. சுவரொட்டியில் மட்டும், காமரூபத்தின் நிஜ மந்திரம் ஒலிக்கும் படம் என்று பெரிதாகப் போட்டார்கள். நான் காணாமல் போனதில் என் கையும் என் அம்மாவின் கையும் இருக்கின்றன. எல்லாப் பழியையும் அடுத்தவர் தலையில் கட்ட நான் தயாராக இல்லை.

படம் வந்ததும் காளிகாட் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் நானும் அம்மாவும் மத்தியானக் காட்சிக்குப் போனோம். நான் படியில் இறங்கினேன். தியேட்டரே அலறியது. எங்களுக்கு முன்னால் இருந்த பெண் மடியிலிருந்த வேர்க்கடலையையெல்லாம் கொட்டிவிட்டாள். அத்தனை பேரில் அந்தப் பேய் என்ன சொல்கிறது என்று புரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி என் தொடையில் கிள்ளினாள்.

டிராமில் திரும்பும்போது அம்மா என் பக்கம் திரும்பினாள். சொன்னாள்: "பேரச் சொன்ன, சரி. ஊரையும் எதுக்குட்டி சொன்ன? வீடு தேடி வந்துர மாட்டானா?"

யாரும் வரவில்லை. படம் சில வாரம் ஓடியது. எனக்குக் கல்யாணமாகி, தெற்குக் கல்கத்தாவில் டாக்குரியாவுக்கு வந்தேன். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சாகும்வரை விஷயம் தெரியாது.

அடைப்புக்குறிக்குள் நான்

இந்த வருஷம் கோடையில் எங்கள் கல்கத்தா தமிழர் வாட்ஸப் குழுவில் ஒரு சின்ன வீடியோ வந்தது. பக்கத்து ஃபிளாட் ராதா அதை எனக்கு அனுப்பி, "இது யாருன்னு தெரியுமா மாமி? கேட்டா சிரிப்பா இருக்கு, பாத்தா பயமா இருக்கு" என்று எழுதியிருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். படியில் நான் இறங்கிக்கொண்டிருந்தேன்.

அதை முதலில் வெளியே விட்டவள் ஷ்ரேயா என்ற வங்காளிப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. பழைய படச்சுருள்களைச் சுத்தம் செய்து மறுபடி ஓட வைப்பது அவள் வேலை. நிருபேன்-தாவின் மகள் வீட்டுப் பரணில் இந்தப் படம் கிடைத்திருக்கிறது. மந்திரம் எந்த மொழி என்று தெரியாமல், அசாமில் இரண்டு பேரிடம் கேட்டு அவர்கள் கையை விரித்த பிறகு, சென்னையில் உள்ள ஒரு சிநேகிதியிடம் போட்டுக் காட்டியிருக்கிறாள். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இது தமிழ், இந்தப் பேய் காப்பி கேட்கிறது என்று சொல்லியிருக்கிறாள்.

அது நான்தான் என்று ராதாவிடம் சொன்னேன், அவள் மூலமாகச் செய்தி போய், மறுநாளே ஷ்ரேயா கரியாஹாட்டிலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள், கையில் லேப்டாப்போடு. வாசலில் என்னைப் பார்த்ததும் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். உள்ளே வந்து அவள் போட்டுக் காட்டியதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. வெளியூர்க்காரர்களுக்காகப் படம் முழுவதும் கீழே இங்கிலீஷ் சப்டைட்டில் ஓடியது. நான் வாயைத் திறந்த இடத்தில் ஒரு அடைப்புக்குறி. அதற்குள் "அறியாத மொழி" என்று இருந்தது.

அவள் எழுதியது இல்லையாம், ஞாயிற்றுக்கிழமை இந்தப் படத்தைத் திரையிடப்போகும் சினிமா கிளப்பின் செயலாளர் எழுதச் சொன்னாராம். அன்றைக்கே நானும் அவளும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வங்காளத்தில் மாற்றினோம். சோற்றுப் பானை வரிக்கு மட்டும் அரைமணி நேரம் ஆயிற்று. காப்பியை மாற்றி டீ என்று போடலாமா என்று கேட்டாள். கூடாது என்றேன்.

செயலாளர் ஜயந்த பாபு ஒப்புக்கொள்ளவில்லை. இந்தப் படத்தைச் சின்ன வயதில் பார்த்து மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவர் அவர். அந்தப் பயத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார். கிளப் கூட்டத்துக்கு என்னை அழைத்து, நாற்காலி போட்டு, சந்தேஷ் என்ற பால் இனிப்பைக் கொடுத்து, மிகுந்த மரியாதையோடு விளக்கினார். அந்தப் படத்தின் உயிரே அந்த மர்மம்தான். ஒரு டைப்பிஸ்ட் பெண் காப்பிக்காகத் திட்டுகிறாள் என்று தெரிந்தால் ஜனங்கள் சிரித்துவிடுவார்கள், பேய்ப் படம் கோமாளிப் படம் ஆகிவிடும். வேண்டுமானால் கடைசியில் நன்றி சொல்லும் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கலாம்.

நியாயமான மனிதர் நியாயமாகப் பேசும்போதுதான் பதில் சொல்வது கஷ்டம். சந்தேஷை மென்று முழுங்கிவிட்டுக் கேட்டேன்.

"அறியாத மொழி என்றால், யார் அறியாத மொழி ஜயந்த பாபு? எனக்குத் தெரியும். என் அம்மாவுக்குத் தெரியும். எங்கள் ஊரில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். உங்களுக்குத் தெரியாது என்று எழுதுங்கள், சண்டையே இல்லை."

ஷ்ரேயா தலையைக் குனிந்துகொண்டாள், சிரிக்கிறாள் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமைக் காட்சியில் என் வசனம் வங்காள எழுத்தில் ஓடும். ஜனங்கள் அந்தக் காட்சியைச் சிரித்துக் கெடுத்துவிட்டால் மறுபடி அடைப்புக்குறிதான், வெளியூர்களுக்குப் போகும் பிரதியிலும் அப்படித்தான் இருக்கும். நானும் ஒப்புக்கொண்டேன்.

ஞாயிறு காலைக் காட்சி

பத்தரை மணிக்குக் காட்சி. நான் அரக்குக் கலர் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். நான்தான் பேய் என்று யாருக்கும் சொல்லக் கூடாது என்று ஷ்ரேயாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். ஜனங்கள் சிரித்தால் சத்தமில்லாமல் எழுந்து போய்விடலாம் பாருங்கள். நடுவரிசையில் உட்கார்ந்தேன். பாதிப் பேர் காலேஜ் பிள்ளைகள், பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். இரண்டு வரிசை முன்னால் ஜயந்த பாபு.

எலுமிச்சம்பழம் குளத்தில் விழுந்தாள். ஜமீன்தார் கையைக் கழுவினார். இருட்டு மாடிப்படியில் என் கால் தெரிந்தது. எத்தனை மெலிந்த கால்! எனக்கே பயமாக இருந்தது.

"காலையிலிருந்து நிற்கிறேன். ஒரு வாய் காப்பி கொடுத்தாயா?"

வங்காள எழுத்தில் அது ஓடியதும் அரங்கம் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை, எதிர்பாராமல் பீறிட்ட சிரிப்பு. ஆனாலும் சிரிப்பு சிரிப்புதானே. ஜயந்த பாபு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பாவம், அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. நான் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், எழுந்து போகத் தயாராக.

"நான் கறுப்பு என்றால் பேயா?"

சிரிப்பு பாதியில் நின்றது. வலது பக்கம் யாரோ ஒருவர் மட்டும் தொடர்ந்து சிரித்து, தான் தனியாகச் சிரிப்பது தெரிந்து நிறுத்தினார். பானை வரி வந்தது. என் பக்கத்தில் இருந்த, எனக்கு முன்பின் தெரியாத பெண் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"என்னைக் கொன்று குளத்தில் போட்டாயே, என் பெயர் என்னவென்று ஒரு வார்த்தை கேட்டாயா?"

திரையில் அந்த இருபத்திரண்டு வயதுப் பெண் இன்னும் ஒரு படி இறங்கினாள். அவளுக்கு நடிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அவள் நடிக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் பெயர் கோமதி. சொல் என் பெயரை."

ஜமீன்தாரின் வாய் திறந்து மூடியது. பாவம், அவருக்கு அங்கே வசனம் இல்லை. படத்தில் அந்த இடத்தில் நாலைந்து விநாடி வெறும் மௌனம்தான். அந்த மௌனத்தில் இடது பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல் கேட்டது.

"கோமோதி."

வங்காள நாக்கில் என் பெயர் அப்படித்தான் வரும். அடுத்து ஒரு ஆண் குரல். பிறகு பின்வரிசையில் ஒரு கூட்டமே சொன்னது. என் பக்கத்துப் பெண் சொன்னாள். ஜயந்த பாபு கையைத் தட்டிக்கொண்டே சொன்னார். ஜமீன்தாரால் சொல்ல முடியாததை அந்த அரங்கமே அவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது, கோமோதி, கோமோதி என்று, தாளம் போட்டு. எனக்கு அழுகை வரவில்லை. மகா திமிராக இருந்தது. உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் திமிர்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. என் நிழல் திரையின் அடியில் விழுந்திருக்க வேண்டும்.

பின்னாலிருந்து ஒரு பையன் மரியாதையாகச் சொன்னான்: "மாசிமா, பொஷுன் நா. பூத்டா தேகா ஜாச்சே நா." உட்காருங்கள் அம்மா, பேய் தெரியவில்லை என்று அர்த்தம்.

நான் உட்காரவில்லை.